டீலியா ஏன் மெதுவாக வாசித்தாள்

எங்கள் பங்கில் யார் செத்தாலும் முதலில் பாதிரியாருக்கு ஆள் போகும். அடுத்து டீலியா ஸ்கேன்லன் வீட்டுக்குப் போகும். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும் டீலியா குழியோரம் வந்து நிற்பாள். கோட்டுப் பையிலிருந்து அந்தத் தகரக் குழலை எடுத்து, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். அவ்வளவுதான், ஆண்களின் தொப்பிகள் தானாகக் கழன்றுவிடும், பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். குழலிலிருந்து இன்னும் ஒரு ஸ்வரம்கூட வந்திருக்காது. பிறகு அவள் வாசிக்க ஆரம்பித்தால், செத்தவனோடு வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவனும் மூக்கைச் சிந்துவான்.

"பாவம், என்ன துக்கத்தச் சுமக்குறாளோ" என்று ஊர் சொல்லும்.

துக்கமாவது மண்ணாவது. அவளுடைய துக்கம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் ஆட்டுத்தோல் மத்தளத்தோடு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் மாலக்கி. அவள் புருஷன்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஃபாலன் பப் என்னுடையது. வெள்ளிக்கிழமை தோறும் நடக்கும் வாசிப்பு என் கணப்படுப்பைச் சுற்றித்தான் நடக்கும். பீர் ஊற்றுகிறவளை யாரும் ஒரு மனுஷியாக மதிப்பதில்லை. அதனால் அவள் கண்ணுக்கு எல்லாம் தெரியும்.

டீலியா மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். அவள் ஊர்க்காரர்களுக்கு ரீல்தான் உயிர். ரீல் என்றால் கால் தரையில் பாவாமல் ஆடவைக்கிற துள்ளல் மெட்டு. வந்த புதிதில் அவள் என் பப்பில் ஒரு ரீல் வாசித்தாள் பாருங்கள், நான் ஊற்றிக்கொண்டிருந்த பீர் கோப்பையைத் தாண்டி என் செருப்பை நனைத்துவிட்டது. ஒரு முழத் தகரத்தில் ஆறு ஓட்டை. அதற்குள்ளிருந்து அத்தனை சந்தோஷம் வருமென்று அன்றுதான் பார்த்தேன். பிடிலோடு எப்போதும் மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஃபெஸ்டஸ்கூட, வாசித்து முடித்ததும், "பரவாயில்ல" என்றான்.

இந்தப் "பரவாயில்ல" பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊரில் ஒருவனுடைய மாட்டைக் குறை சொல்லலாம், அவன் மச்சானைக் குறை சொல்லலாம், அவன் ஓட்டுப் போட்ட கட்சியைக் காறித் துப்பலாம். அவனுடைய வாசிப்பைப் பற்றி மட்டும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லக் கூடாது. தேவதூதன் மாதிரி வாசித்தாலும் "பரவாயில்ல"தான், கழுதை மாதிரி வாசித்தாலும் "பரவாயில்ல"தான். இது எங்கள் மரியாதை. இந்த மரியாதைதான் டீலியாவின் கழுத்தில் சுருக்காக விழுந்தது.

கல்யாணத்தின்போது மாலக்கிக்கு இசை என்றால் என்னவென்றே தெரியாது. மாடு, வைக்கோல், மழை, இவ்வளவுதான் அவன் உலகம். நல்லவன். குடித்துவிட்டு விழமாட்டான், கை நீட்டமாட்டான், காலையில் பெண்டாட்டிக்குத் தேநீர் போட்டுப் படுக்கைக்கே கொண்டுவருவான். குறை சொல்ல ஒரு துரும்பாவது கிடைத்திருந்தால் டீலியா பிழைத்திருப்பாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் ஆண்கள் வைக்கோலில் முகமூடி பின்னி மாட்டிக்கொண்டு, மத்தளம் தட்டியபடி வீடு வீடாகப் போவது வழக்கம். அந்த முகமூடிக்குள் யார் இருக்கிறான், என்ன அடிக்கிறான் என்று எவரும் கவனிக்கமாட்டார்கள். அந்த வருஷம் எவனோ மாலக்கி கையில் ஒரு பவுரானைத் திணித்துவிட்டான். பவுரான் என்பது எங்கள் ஒருபக்க மத்தளம். ஒரு கை உள்ளேயிருந்து தோலைத் தாங்கும், இன்னொரு கை சின்னக் குச்சியால் தட்டும். போன வீட்டிலெல்லாம் கை தட்டினார்கள். அன்று நாயைத் தட்டினாலும் கை தட்டியிருப்பார்கள், அது மாலக்கிக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவன் சொந்த ஆடு ஒன்றை அறுத்தான். தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரைச் சுரண்டி, தானியம் சலிக்கும் பழைய சல்லடை வளையத்தில் இழுத்து ஆணியடித்தான். அந்த நாற்றத்தில் டீலியா மாட்டுக்கொட்டகையில் போய்ச் சாப்பிட்டாள். வேலை முடிந்ததும் அவன் அதைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"பாவம், வெள்ளிக்கிழமையானா நீ தனியாப் போற. இனிமே நானும் கூட வர்றேன்."

இதற்கு ஒரு பெண் என்ன பதில் சொல்வாள்?

அவன் அடித்த அடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடங்கும்போது ஓரளவு ஒழுங்காகத்தான் இருக்கும். பத்து எண்ணுவதற்குள், கொட்டகைக் கதவைப் பார்த்துவிட்ட மாடுகள் மாதிரி ஓட ஆரம்பிப்பான். குழலின் நெளிவு, பிடிலின் இழுப்பு எதுவும் அவன் காதில் விழாது. டீலியாவின் ரீல் அந்த மாடுகளின் குளம்படியில் சிக்கிக் கூழாகும். மெட்டு முடிந்ததும் எல்லோரும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "பரவாயில்ல மாலக்கி" என்பார்கள். அவன் முகமெல்லாம் சிவந்து சிரிப்பான்.

பூனைக்கு மணி கட்ட ஆளில்லை. அதனால் பூனை இருந்த இடத்தைவிட்டு எலிகள் நழுவின. ஒருவனுக்குத் திடீரென்று புகை பிடிக்க வெளியே போக வேண்டியிருக்கும், இன்னொருவன் மெட்டு முடியும்வரை தந்தியை முறுக்கிக்கொண்டே இருப்பான். ஃபெஸ்டஸ் பக்கத்து ஊரில் வியாழக்கிழமை வாசிப்பு ஒன்றைச் சத்தமில்லாமல் தொடங்கினான், டீலியாவுக்குச் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டால் மாலக்கியும் வருவான். கார் அவனுடையது, அவளுக்கு ஓட்டத் தெரியாது, எங்கள் சாலையில் பஸ் என்பதே ஒரு வதந்திதான்.

அந்தச் சமயத்தில்தான் நவம்பர் வந்தது. இறந்த ஆன்மாக்களின் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை மாலக்கி குச்சியைத் தூக்கியபோது, டீலியா கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிதான மெட்டை எடுத்தாள்.

நிதான மெட்டுக்குத் தாளம் கிடையாது. வாசிக்கிறவரின் மூச்சுதான் தாளம். அதற்கு நடுவே மத்தளம் தட்டுவது, பூசையின் நடுவே எழுந்து விசிலடிப்பதற்குச் சமம். இது மாலக்கிக்கே தெரியும். அவன் பவுரானை முழங்காலில் நிறுத்தி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அடங்கிப்போய் உட்கார்ந்தான். பப் முழுவதும் மூச்சு விடவில்லை. அவள் முடித்தபோது பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டீலியாவின் முகத்தை நான் பார்த்தேன். கதவு ஒன்று திறந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

கதவுதான், ஆனால் அது இன்னொரு அறைக்குள் போகிற கதவு.

மறுவாரமும் நிதான மெட்டு, அதற்கு மறுவாரமும் அதுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காதலன் ஒருத்தன் கப்பலில் போனான், திரும்பவில்லை என்றார்கள். பிறக்காத பிள்ளைக்காக வாசிக்கிறாள் என்றார்கள். பாதிரியார் கில்மார்ட்டின் ஒருநாள் பப்புக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீலியா, ஆண்டவர் உனக்கு ஒரு துக்கத்தக் குடுத்தாரு. அதுலேர்ந்தே ஒரு வரத்தையும் குடுத்திருக்காரு. அத நம்ம பங்கு மக்களுக்காகக் குடுக்க மாட்டியாம்மா?"

துக்கமெல்லாம் இல்லை ஃபாதர், என் வீட்டுக்காரன் தாளம் தப்பாக அடிக்கிறான் என்று சொல்ல முடியுமா? அதுவும் மாலக்கி பக்கத்தில் நின்று பெருமையோடு தலையாட்டும்போது?

"சரிங்க ஃபாதர்" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வருஷங்கள் போயின, டீலியா எங்கள் பங்கின் சாவுக் குழலாகிவிட்டாள். ஒருமுறை மாலக்கிக்குக் காய்ச்சல். ஃபெஸ்டஸின் காரில் அவள் தனியாக வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தவள், எடுத்த எடுப்பில் ஒரு துள்ளல் மெட்டைத் தொடங்கினாள். நாலு அடிகூடப் போயிருக்காது, டான்சியின் விதவைக் கிழவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் குழியில வாசிச்ச வாயா இது? மண்ணுகூட இன்னும் காயலயேம்மா."

டான்சி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் மண் எப்போதுதான் காய்ந்தது? ஆனாலும் டீலியாவின் விரல்கள் நின்றுவிட்டன. குழலைத் துடைத்துவிட்டு நிதான மெட்டுக்கு மாறினாள். மத்தளம் இல்லாத அன்றுகூட அவளால் வெளியே வர முடியவில்லை.

அன்று அவள் என் சமையலறைக்கு வந்தாள். நான் கோப்பைகளைக் கழுவினேன், அவள் துடைத்தாள்.

"கோனி, என்னால முடியலடி" என்றாள். "பால்பண்ணையில தரையக் கூட்டுறேன் பாரு, விளக்குமாத்துக் கட்டையில என் விரல் ரீல் வாசிக்குது. கோழிக்குத் தீனி போடுறப்ப வாசிக்குது. கோயில்ல ஜெபமாலை உருட்டுறப்பகூட வாசிக்குதுடி, பாவம் பாவம். ஆனா குழல எடுத்தா ஒண்ணு அவன் அடிக்கிறான், இல்லேன்னா ஊரு அழுவுது."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"என்னன்னு சொல்ல? எனக்காக ஆட்ட அறுத்து, சுண்ணாம்புல கை வெந்து பண்ணினான் அத. ஒருநாள் ஒரு பொழுது என்னைக் கடிஞ்சு பேசினதில்ல. அவன்கிட்டப் போயி, நீ சகிக்கலன்னு சொல்லவா?"

"அப்ப நான் சொல்றேன்."

"சொல்லிடுவியா?" என்று கேட்டு என்னைப் பார்த்தாள்.

நான் அடுத்த கோப்பையைக் கழுவினேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

பிறகு ஒரு ஜனவரியில் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. புனித பிரிஜித் திருநாளன்று ஊர் மண்டபத்தில் ஆட்டம் என்று முடிவாகியிருந்தது. எட்டெட்டுப் பேராகச் சதுரம் கட்டி ஆடுகிற பழைய ஆட்டம். ஆட்டத்துக்கு வழக்கமாக வாசிக்கிற அக்கார்டியன்காரன் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ஃபெஸ்டஸ் என் பப்புக்கு வந்து, நிறைய நேரம் வானிலை பற்றிப் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"பிடில் மட்டும் பத்தாது. டீலியா வேணும்."

"கூப்பிடு."

"டீலியா மட்டும் வேணும்."

"அதையும் சொல்லு."

"என்ன வெளையாடுறியா? ஆடுறவங்க சொல்லிட்டாங்க, அந்த மத்தளம் வந்தா நாங்க வரலன்னு. போன தடவ அவன் அடிச்ச வேகத்துல என் அத்தைக்கு முட்டி பெசகிப்போச்சு. இன்னும் நொண்டுறாங்க. நீ டீலியாகிட்டச் சொல்லு, அவ அவன்கிட்டச் சொல்லட்டும்."

நான் டீலியாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"ஆட்டத்துக்கு வாசிச்சா யாரும் அழ முடியாதுல்ல?" என்றாள். "கால் அசைஞ்சே ஆகணுமே. ஊர் ஒருதடவ என் குழலுக்கு ஆடிருச்சுன்னா போதும்டி, அப்புறம் இந்தச் சாவுக்களை என்னைவிட்டுப் போயிரும். இதையும் விட்டா, என் சாவுக்கும் நானேதான் வாசிச்சுக்கணும்."

ஆனால் மாலக்கியிடம் அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லுவேன் என்றாள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அந்த வாரம் முழுக்கத் திரிந்தாள். மாலக்கியோ ஆட்டத்துக்குப் போகிற உற்சாகத்தில் பவுரானுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

திருநாளுக்கு முதல்நாள் அடைமழை. ஈரத்தில் ஆட்டுத்தோல் தொய்ந்துவிடும், நெருப்பருகே வைத்தால் இறுகும். மாலக்கி பவுரானை அடுப்புக்கு மேலே கம்பியில் மாட்டினான். "கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துரும்மா" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனான்.

டீலியா மேசையருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள். தோல் இறுகும்போது சத்தம் வரும். முதலில் முனகும், பிறகு சின்னச் சின்னதாக வெடிக்கும். அவளுக்கு அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் கேட்டது. எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். ஆனால் இன்னொரு கிழங்கை எடுத்தாள். பிறகு இன்னொன்று. துப்பாக்கி வெடித்த மாதிரித் தோல் நடுவே கிழிந்தபோது, இரண்டு பேருக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்கு உரித்து வைத்திருந்தாளாம். மறுநாள் மண்டபத்தின் பின்வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"கம்பியிலேர்ந்து கழட்டி, கிழிசலத் தடவிப் பாத்தான். அப்புறம், 'நான்தான் ரொம்பக் கிட்ட மாட்டிட்டேன்'னு சொன்னான். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம் கோனி."

மண்டபம் நிறைந்திருந்தது. நாலு சதுரம் கட்டி நின்றார்கள். மேடை என்பது இரண்டு பலகைதான், அதில் ஃபெஸ்டஸ், டீலியா, பக்கத்தில் வெறுங்கையோடு மாலக்கி. மத்தளம் இல்லாவிட்டாலும் அவன் எப்போதும் உட்காரும் பக்கத்தில்தான் உட்கார்ந்தான், எங்கே வைப்பதென்று தெரியாமல் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. ஆடுகிறவர்கள் அந்த வெறுங்கையைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

எங்கள் வழக்கப்படி ஒருவர் மெட்டைத் தொடங்குவார், அது இன்னதென்று பிடிபட்டதும் மற்றவர்கள் சேர்வார்கள். தொடங்க வேண்டியவள் டீலியா. அவள் எழுந்து நின்றாள். குழலை எடுத்து, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

மண்டபம் அடங்கியது. ஒரு தொப்பி கழன்றது. பிறகு ஒன்று. பிறகு எல்லாம். தலைகள் கவிழ்ந்தன. டான்சி கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆட வந்தவர்கள், பளபளக்கிற காலணியோடு, ஜோடியின் கையைப் பிடித்தபடி, குழியோரம் நிற்கிற மாதிரி நின்றார்கள். யாரும் நினைத்துச் செய்யவில்லை. அவர்கள் உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

டீலியா கண்ணைத் திறக்காமலே ரீலைத் தொடங்கினாள். அப்பா! அதே ரீல், என் செருப்பை நனைத்த ரீல். ஆனால் ஒரு கால்கூட அசையவில்லை. அத்தனை வருஷம் அந்தக் குழலுக்கு அழுத ஊருக்கு அதில் சந்தோஷம் கேட்கவில்லை. ஃபெஸ்டஸ்கூட வில்லைத் தொங்கவிட்டபடி தலை குனிந்திருந்தான், மடையன். அவள் கண்ணைத் திறந்தாள், அந்தக் கவிழ்ந்த தலைகளைப் பார்த்தாள். பிறகு அவள் விரல்கள் தளர்வதை நான் கேட்டேன். ரீல் கனக்கத் தொடங்கியது. இன்னும் நாலு அடி போனால் அதுவும் ஒரு நிதான மெட்டாகிவிடும். அவளுக்கும் அது தெரிந்தது, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து முன்வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

டங்!

மாலக்கி. முட்டை சாண்ட்விச் அடுக்கியிருந்த தகரத் தட்டை எடுத்து, சாண்ட்விச்சுகளை மேசையில் கவிழ்த்துவிட்டு, தேநீர் கரண்டியால் அடித்தான். டங் டக டக டங். பவுரானைவிடப் பத்து மடங்கு கொடுமையான சத்தம். தாளம் எப்போதும்போலத்தான்.

"என்னய்யா நிக்கிறீங்க?" என்று கத்தினான். "ரீல் வாசிக்கிறா என் பொண்டாட்டி! காது செவிடாப் போச்சா?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஒரு குதிகால் தரையில் தட்டியது. அப்புறம் அணை உடைந்தது. சதுரங்கள் சுழன்றன, தொப்பிகள் மூலைக்குப் பறந்தன, ஃபெஸ்டஸின் அத்தை நொண்டிக் காலோடு நடுவே இறங்கினாள். டீலியாவின் ரீல் நிமிர்ந்தது. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தும், அது ரீல் என்று என்னைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஆனால் மாடுகள் கொட்டகையைப் பார்த்துவிட்டன. தட்டு ஓட ஆரம்பித்தது. டீலியா ஒரு மூச்சு இடைவெளியில் குழலைச் சற்று விலக்கி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனிடம் சொன்னாள்.

"மெதுவா அடி, மாலக்கி."

அவன் கரண்டியை நிறுத்தாமல் அவளைப் பார்த்தான்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நல்ல ஆட்டுத்தோல் மிஞ்சியிருக்குமே, டீலியா."

அவள் விரல் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டது. அதை நான் கேட்டேன், வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் மெதுவாக அடித்தான். ஒரு சுற்று முழுக்க ஒழுங்காக அடித்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை, பழையபடி ஓடினான். அவளும் கூடவே ஓடினாள்.

அடுத்த வாரம் டான்சி கிழவி போய்ச் சேர்ந்தாள். டீலியா குழியோரம் நின்று குழலை எடுத்தாள், உதட்டை ஈரப்படுத்தினாள், தொப்பிகள் கழன்றன. பக்கத்தில் மாலக்கி தலை குனிந்து நின்றான். அவன் கைகளில் சுண்ணாம்பு அரித்த சிவப்புத் தடம் இருந்தது. வீட்டில் புதுத்தோல் ஊறிக்கொண்டிருந்தது. மந்தைக்குள் போய் ஆட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் டீலியா.